என்ன முறை வேணும்?

அத்தியாயம் 17

அன்னக்கொடியை மறந்திருக்க மாட்டீர்கள். திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கரிசல் காட்டு ஊரிலிருந்து, கைகால் விறைத்து, வாய் அடைத்துப்போய், போன மாதம் ஆனையூர்ப் பக்கத்துச் சின்ன மனநல ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பத்தொன்பது வயதுப் பெண். தாய்மாமன் தவசிக்கு அவளைப் பரிசம் போட்டார்கள். மறுநாள் காலையில் விழுந்தவள்தான். ஊரில் வேப்பிலை அடித்தார்கள். இங்கே டாக்டர் தனிஸ்லாஸ் கரண்ட் வைத்தார். இரண்டுக்கும் அவள் வாய் திறக்கவில்லை.

விக்டோரியா அடிக்கவுமில்லை, வைக்கவுமில்லை. தினமும் போய் அவளோடு தரையில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். கேட்காமல் தொட மாட்டாள். அவளுக்கும் கதவுக்கும் நடுவில் உட்கார மாட்டாள். "உனக்கு என்னம்மா கோளாறு?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. "இன்னிக்கு எங்க உக்காரலாம், சன்னல் பக்கமா, செவுத்துப் பக்கமா?" என்பதோடு சரி.

மெட்ராஸில் போய் சோஷியல் ஒர்க் படித்து வந்தது தரையில் உட்காரத்தானா என்று டாக்டரே எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். அவர் கேட்கலாம். ஆஸ்பத்திரி அவருடையது. போதாததற்கு விக்டோரியாவின் கணவன் கிறிஸ்துராஜுக்கு அண்ணன் வேறு. ஆஸ்பத்திரியில் 'டாக்டர்', வீட்டில் 'அத்தான்'.

போன வாரம் அன்னக்கொடி முதல்முறையாகப் பேசினாள். விக்டோரியாவின் காதில் மட்டும், இரண்டே வார்த்தை. "மாமா வேணாம்."

விக்டோரியா அதை அவள் அம்மா சின்னத்தாயிடம் சொன்னாள். சின்னத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "எந்தப் பொண்ணும்மா மாமன் வேணும்னு வாய்விட்டுச் சொல்லும்? எல்லாம் கூச்சந்தான்." விக்டோரியாவின் காதும் மதுரைக் காதுதானே. கூடப் பிறந்தவள் மகளைத் தாய்மாமன் கட்டுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்றுதான் அதற்கும் கேட்டது. கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று டாக்டரிடம் சிபாரிசு செய்ததோடு விட்டுவிட்டாள். டாக்டர் தள்ளிப்போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புவது, புதன்கிழமை முகூர்த்தம் என்று முடிவாகிவிட்டது.

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை.

காலைப் பூசை முடிந்து விக்டோரியா நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தபோது தவசி வார்டுக்குள் இருந்தான். கட்டிலின் கால்மாட்டில் ஒரு காலை மடக்கிப்போட்டு உட்கார்ந்திருந்தான். முதல் சம்சாரத்தைப் பறிகொடுத்தவன். நாற்பதை நெருங்குகிற வயது. வெள்ளை வேட்டி, இடுப்பில் பை வைத்த அகலமான பச்சை பெல்ட்டு. நோயாளிக்குத் துணையாக எப்போதும் வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. சின்னத்தாய் காட்டு வேலைக்குப் போகிற நாட்களில் அந்தத் துணை இவன்தான்.

இவன் வந்த நாட்களில்தான் அன்னக்கொடிக்கு விறைப்பு அதிகம். அதையும் வார்டில் எல்லாரும் பார்த்திருந்தார்கள். "மாமனக் கண்டா புள்ளைக்கு வெக்கத்துல கைகாலு ஓட மாட்டேங்குது" என்று ஆயா சோணையம்மாள் கேலி பேசுவாள்.

"வாங்கம்மா. பொண்ணுக்குச் சேலை கொண்டாந்திருக்கேன், பாருங்க." தவசி கட்டிலில் அரக்குப் பட்டு ஒன்றை விரித்தான். பிறகு வெற்றிலை போட நினைத்தவனாக பெல்ட்டுப் பையில் கை வைத்தான். டிச்சுப் பட்டன் 'டப்' என்று திறந்தது.

அன்னக்கொடியின் தாடை இறுகியது. கண் மேலே செருகியது. கட்டிலில் ஈரம் பரவிப் பட்டுச்சேலையின் ஓரம்வரை வந்தது.

"சீ, கழுத. பட்டு போச்சே" என்றான் தவசி. சேலையை மட்டும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

விக்டோரியாவின் கை தன் தோளில் தொங்கிய மஞ்சள் பையைப் பிடித்தது. முதல் வாரத்தில் அவள் தோல் கைப்பை கொண்டுவருவாள். அதை மூடும்போதெல்லாம் இந்தப் பெண் தூக்கிப்போட்டாற்போல் அதிர்வதைப் பார்த்து, காரணம் தெரியாமலே துணிப்பைக்கு மாறியிருந்தாள். அந்தக் கைப்பையிலும் டிச்சுப் பட்டன்தான். பெல்ட்டின் பட்டன் சத்தத்தை ஒரு பெண் எங்கே, எப்போது, யாரோடு தனியாக இருந்து பழகியிருப்பாள்? விக்டோரியா தவசியின் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் வெளிய இருங்க. துணி மாத்தணும்."

"நான் பாக்காததா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான் தவசி. விக்டோரியாவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து போனான்.

துணி மாற்றியதும் அன்னக்கொடி சுவர்ப் பக்கம் போய் உட்கார்ந்தாள். விக்டோரியாவும் எதிரே தரையில் உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து அந்தப் பெண்ணாகவே சொன்னாள், குரலே இல்லாமல்.

"மொதல்ல பெல்ட்டக் கழட்டுவாரு."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

குழாயடியில் சின்னத்தாய் கட்டில் துணியை அலசிக்கொண்டிருந்தாள். புருஷனை இழந்தவள், அண்ணன் தவசியின் காட்டில் கூலி வேலை செய்து அன்னக்கொடி, அவள் தங்கை அழகு என்று இரண்டு பெண்களை வளர்ப்பவள். எப்படிச் சொல்வது, கேட்டதும் இவள் மயங்கி விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் யோசித்துக்கொண்டே விக்டோரியா பக்கத்தில் போய் நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

சின்னத்தாய் மயங்கி விழவில்லை. துணியைப் பிழிவதைக்கூட நிறுத்தவில்லை.

"தெரியும்மா" என்றாள்.

"தெரியுமா?"

"மாசியில நான் பருத்தி எடுக்கப் போயிருந்தேன். வந்து பாத்தா மூலையில கெடந்தா. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா பரிசம் போட்டீங்க?"

சின்னத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு படித்தும் இது புரியவில்லையா என்கிற பார்வை. "வேத்தாளா இருந்தா வெட்டிப் போட்டிருப்போம்மா. எங்கண்ணன் அவளுக்கு முறை மாப்பிள்ளதானே? தாலி கட்டப் போறவன்தானே? முன்ன பின்ன ஆயிப்போச்சு, அம்புட்டுத்தான்."

முன்ன பின்ன ஆயிப்போச்சாம். பந்தியில் பாயசம் முந்தி வந்ததற்கும் ரசம் பிந்தி வந்ததற்கும் சொல்கிற பேச்சு.

விக்டோரியாவுக்கு அவள் கையிலிருந்த துணியைப் பிடுங்கி வீசத் தோன்றியது. எத்தனையோ கதை கேட்டவள்தான். குடிகாரன் கதை, கிணற்றில் குதித்தவள் கதை, பிள்ளையை விட்டுவிட்டு ஓடியவள் கதை. எதற்கும் இப்படி அருவருத்ததில்லை. முறை என்பது எவ்வளவு நல்ல சொல். ஒழுங்குக்கும் அதுதான், உறவுக்கும் அதுதான், நியாயம் கேட்டுப் போய் நிற்பதற்கும் அதுதான். இந்தப் பெண்ணுக்கு மட்டும் அதைத் துணியாகச் சுருட்டி வாயில் திணித்திருக்கிறார்கள்.

"அவளுக்கு வேணாமாம், சின்னத்தாயி."

"எனக்கும் எத்தனையோ வேணாமாத்தான் இருந்துச்சு" என்றாள் சின்னத்தாய். துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

ஞானஒளிவுபுரத்து வீட்டுக்கு விக்டோரியா திரும்பியபோது வாசல்வரை குழம்பு மணத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் தம்பி இருவரும் அம்மா கையால்தான் சாப்பிட வேண்டும் என்பது மாமியார் பிலோமினாள் டீச்சரின் சட்டம். மிஷன் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் பிள்ளைகள் இன்னும் எழுந்து நிற்பார்கள்.

டாக்டர் ஏற்கெனவே பாதிச் சாப்பாட்டில் இருந்தார். கிறிஸ்துராஜ் நகர்ந்து இடம்விட்டான். பிலோமினாள் விக்டோரியாவின் தட்டில் சோறு வைத்துக் குழம்பை ஊற்றினாள்.

"நல்ல நாட்டுக்கோழி. தவசி கொடுத்துவிட்டது" என்றார் டாக்டர். "அந்த ஊர் ஆளுகளுக்கு மரியாதை தெரியுது."

தட்டில் ஒரு கால் துண்டு கிடந்தது. எண்ணெய் மிதந்தது. விக்டோரியா பிசைய எடுத்த கையை அப்படியே வைத்திருந்தாள்.  பிறகு தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"அத்தான், அன்னக்கொடிய இன்னிக்கு அனுப்பக் கூடாது."

"ஏன்?"

"அவளைக் கெடுத்தவன் கையிலயே அவளைக் கொடுக்கிறோம்."

கிறிஸ்துராஜ் சாப்பிடுவதை நிறுத்தினான். டாக்டர் நிறுத்தவில்லை. கையிலிருந்த எலும்பை உறிஞ்சி முடித்துவிட்டுத் தட்டோரம் வைத்தார்.

"யாரு, மாமனா? அதான் கட்டிக்கப் போறான்ல? முறைப் பையன்தானம்மா. நீ என்னமோ தெருவுல போறவன் மாதிரிப் பேசுற."

"பெல்ட்டுப் பட்டன் சத்தம் கேட்டாலே அவளுக்கு உடம்பு விறைக்குது. படுக்கையில ஒண்ணுக்குப் போயிடுறா. ஆயுசு முழுக்க அந்தச் சத்தம் கேட்குற வீட்டுக்கா அனுப்புறது?"

"அதுக்குப் பேருதான் ஹிஸ்டீரியா. கல்யாணம் ஆகி ஒரு புள்ள பொறந்தா எல்லாம் சரியாயிரும். எத்தனையோ வருஷமா நான் சொல்ற வைத்தியம் இது."

"சரியாயிருச்சுன்னு யாராவது திரும்பி வந்து சொல்லியிருக்காங்களா?"

"வரலைன்னா சரியாயிருச்சுன்னுதான அர்த்தம்?"

மூச்சு விடாமல் கிணற்றுக்குள் கிடப்பவளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். டாக்டர் தனிஸ்லாஸ் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் கொடுமை. அவர் இதை நம்பினார், நம்பிவிட்டு ஈரலைத் தேடிக் குழம்பைக் கிளறினார்.

"விக்டோரியா, சாப்பிடும்போது..." என்று ஆரம்பித்தான் கிறிஸ்துராஜ். அண்ணன் முன்னால் அவன் எந்த வாக்கியத்தையும் முடித்ததில்லை. இதையும் முடிக்கவில்லை.

"இந்தா பாரு" என்றார் டாக்டர். "அவ மேஜர். நாலு பேர் முன்னாடி வாயைத் தொறந்து 'நான் போகமாட்டேன்'னு அவளே சொல்லட்டும். நானே நிறுத்திர்றேன். சொல்லுவாளா? வந்ததுலருந்து ஊமைக்கோட்டானா உக்காந்திருக்கிறவ. உன் காதுல சொன்னா, உன்கிட்ட சொன்னாங்கிற கதையெல்லாம் எனக்கு வேணாம்."

சமையலறை வாசலில் நின்ற பிலோமினாள் அப்போதுதான் வாய் திறந்தாள். "தனிஸ்லாஸ். இந்தக் கோழி அந்த ஆளு கொடுத்ததா?"

"ஆமாம்மா. ஏன்?"

 பிலோமினாள் உள்ளே போய்க் கை கழுவினாள். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மோந்து பார்த்தாள். திரும்பவும் சோப்புப் போட்டாள். காலையில் அந்தக் கோழியை மஞ்சள் தடவி, வெட்டி, அரைத்து, கொதிக்கவைத்து, உப்புக் காரம் பார்த்த கை. எல்லாரும் சாப்பிடுவதை விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா ஆச்சு?"

"கை நாறுது" என்றாள் பிலோமினாள். ஈரக்கையைத் துடைக்காமலே விக்டோரியாவின் தட்டை எடுத்தாள், பிறகு சட்டியையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். திரும்பி வந்தபோது சட்டி காலியாக இருந்தது.

"கிறிஸ்து, ஒரு ரிக்‌ஷா கூட்டிட்டு வா."

"எங்கம்மா?"

"ஆஸ்பத்திரிக்கு. நோயாளி பாக்கப் போறேன்."

டாக்டர் படுக்கப் போய்விட்டார். விக்டோரியாவும் பிலோமினாளும் ரிக்‌ஷாவில் போக, கிறிஸ்துராஜ் ஸ்கூட்டரில் பின்னால் வந்தான். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டான். அங்கே ஏற்கெனவே ஒரு வேன் நின்றது. அதன் முகப்பில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள்.

வார்டில் மூட்டை கட்டி முடித்திருந்தார்கள். நர்ஸும் சோணையம்மாளும் வழியனுப்ப நின்றார்கள். சின்னத்தாய் பட்டுச்சேலையை மடியில் வைத்திருந்தாள். அன்னக்கொடி மட்டும் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் இருந்தாள்.

விக்டோரியா குனிந்து கேட்டாள். "இன்னிக்கு நான் கதவுப் பக்கம் உக்காரட்டுமா?"

இத்தனை நாளில் அவள் உட்காராத இடம் அது. அன்னக்கொடி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள். விக்டோரியா கதவை மறித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

வெளியிலிருந்து வந்த தவசி வாசலில் தடைப்பட்டு நின்றான். "எந்திரிங்கம்மா. நேரமாச்சு."

"அவ வரலை."

"அத டாக்டரு சொல்லட்டும்."

"டாக்டர் அவளைச் சொல்லச் சொல்லியிருக்காரு. கேளுங்க."

தவசி சிரித்தான். "ஏம்மா, வாயில்லாத புள்ளயச் சொல்லச் சொன்னா எப்படி? நான் தாய்மாமன். அவ காதுகுத்துக்கு மடியில வச்சவன். வயசுக்கு வந்த சடங்குக்கு ஓலைக் குச்சு கட்டுனவன். எனக்கில்லாத உரிமையா? நீங்க யாரு? அவளுக்கு என்ன முறை வேணும் நீங்க?"

விக்டோரியா வாயைத் திறந்தாள்.  படித்த படிப்பு ஒரு முறை இல்லை. பார்க்கிற உத்தியோகம் ஒரு முறை இல்லை. ஒரு மாதம் தரையில் உட்கார்ந்ததற்கு இந்த ஊரில் உறவுப் பெயர் கிடையாது. நர்ஸ் சன்னலைப் பார்த்தாள். சோணையம்மாள் காலைப் பார்த்தாள். பிலோமினாள் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை."

கரகரத்த, பழக்கமில்லாத குரல். சோணையம்மாள் கையிலிருந்த செம்பு நழுவியது.

"இவுக எனக்கு அத்தை" என்றாள் அன்னக்கொடி. தவசியைப் பார்த்துச் சொல்லவில்லை, அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "எங்கய்யா கூடப் பொறந்தவளா நெனச்சுக்கிட்டேன். நான் அத்தைகூட இருக்கேன். மாமாகூட வரமாட்டேன்."

விக்டோரியாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் அது சந்தோஷம் மட்டும் இல்லை. வரமாட்டேன் என்கிற ஒரு சொல்லைச் சொல்லக்கூட இந்தப் பெண் ஒரு முறையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரிந்தது.

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றாள் பிலோமினாள், வகுப்பறைக் குரலில். "டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அவன் எனக்கு மகன் முறை."

தவசி கத்துவான் என்று எல்லாரும் நினைத்தார்கள். கத்தவில்லை. பெல்ட்டுப் பையைத் திறந்து வெற்றிலையை எடுத்தான். 'டப்'. சுண்ணாம்பைத் தடவினான். மடித்து வாயில் போட்டான். பையை மூடினான். 'டப்'. அன்னக்கொடி நடுங்கினாள், ஆனால் கண் செருகவில்லை.

"சரி" என்றான் தவசி. "ஏ சின்னத்தாயி, கெளம்பு. பந்தலு போட்டாச்சு, ஊருக்குச் சொல்லியாச்சு. பெரியவ இல்லாட்டி சின்னவ. அழகுக்கும் நாந்தான தாய்மாமன்?"

சின்னத்தாய் எழுந்தாள். "அண்ணே, அவ பத்தாவது படிக்கிறாண்ணே" என்றாள். சொல்லிக்கொண்டே மடியிலிருந்த பட்டுச்சேலையைக் கையில் எடுத்தாள். சொல்லிக்கொண்டே அவன் பின்னால் நடந்தாள். வராந்தா முடிகிறவரை அந்தக் குரல் கேட்டது. கால் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

அன்னக்கொடி பாய்ந்து விக்டோரியாவின் கையைப் பிடித்தாள். அவளாக யாரையும் தொட்டது இதுதான் முதல்.

"தங்கச்சி வீட்ல இருக்கா, அத்தை. தனியா இருக்கா."

விக்டோரியா எழுந்தாள். அந்தக் கை விடவில்லை. அத்தைகூட இருக்கேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னவளை எப்படி விட்டுப் போவது? வெளியே வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

பிலோமினாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் இறங்கினாள். முட்டி வலி உள்ள உடம்பு. சற்றுத் தள்ளி, கதவை மறிக்காமல் உட்கார்ந்துகொண்டாள். "நீ போ. இவளுக்கு நான் இருக்கேன்." பிறகு அன்னக்கொடியிடம் கேட்டாள். "இருக்கட்டுமா?"

அன்னக்கொடி விக்டோரியாவின் கையை விட்டாள்.

கேட்டுக்கு வெளியே கிறிஸ்துராஜ் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தியிருந்தான். வேனில் ஏறும்போது தவசி டிரைவரிடம் சொன்னதெல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"ஏறு. திருமங்கலத்துல ரயில்வே கேட்டு அடைச்சிருந்தா பிடிச்சிரலாம்" என்றான். வண்டி நகர்ந்ததும் திரும்பாமலே கேட்டான். "அந்த ஊர்ல நம்மளை யாருக்கும் தெரியாது. பொண்ணுக்கு நீ என்ன முறைன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"அழகுக்கும் அத்தைதான்" என்றாள் விக்டோரியா.